தோற்றது கோவை அல்ல

கோவையில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி நிலைக்காமல் போனதைக் காட்டி, கொங்கு மண்ணில் கால்பந்து வேர்பிடிக்காது என்கிறார்கள். பழியை இடம் மாற்றிப் போடும் வாதம் இது. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாபை 3-1 என வீழ்த்தித்தான் அந்த அணி ஐ-லீக் பட்டம் வென்றது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே புள்ளி கூடுதல். பெட்ரோ மான்ஸி அந்தத் தொடரில் 21 கோல் அடித்தார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 விழுக்காடு பங்கை வாங்கியது. ஆனால் பெயர் சென்னையுடையது, உரிமை முதலீட்டாளர்களுடையது. ஆடுகளமும் ஆரவாரமும் மட்டுமே கோவையுடையவை. உரிமையே இல்லாத ஊர் எதைக் காப்பாற்றியிருக்க முடியும்?

கிரிக்கெட் மோகம்தான் காரணம் என்பார்கள். கிரிக்கெட்டின் தாயகமான இங்கிலாந்தில்தான் விம்பிள்டன் கால்பந்து கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் அதே ஆண்டு ஏஎஃப்சி விம்பிள்டனைத் தாங்களே தொடங்கி, 2011இல் தொழில்முறை லீக்குக்கு ஏற்றினார்கள்; 2020இல் பழைய மைதானம் இருந்த பிளவ் லேன் தெருவுக்கே திரும்பினார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டும் 1878இல் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய அணிதான். ஆலைத் தொழிலாளர் ஊரான கோவை ஏன் அப்படியொன்றைத் தொடங்கவில்லை என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. அதற்கும் மண்ணைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அடுத்த அணி இங்கே வரும்போது, டிக்கெட்டோடு பங்கையும் கேளுங்கள்.