உரிமமும் முறையும்

பரளச்சியின் கரிசல் உழவர் ஒருவர் தம் காப்பிற்கெனக் கைத்துமுக்கி (கைத்துப்பாக்கி) வாங்க விழைந்தால், கடைக்குமுன் அவர் ஏறவேண்டியது மாவட்ட ஆட்சியர் அலுவலகப் படியே. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி, உரிமம் இன்றி அதனை வாங்கவோ வைத்திருக்கவோ இயலாது. அகவை 21 நிரம்பியிருத்தல் வேண்டும். காவல்துறை உசாவி அறிக்கை தரல் வேண்டும். ஒருவர் வைத்துக்கொள்ளத்தக்க சுடுகலன்கள் மூன்று என்றிருந்ததை, 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது.

இக்கடுமை தவறன்று. 1957இல் முதுகுளத்தூர்ச் சாதிக் கலகத்தைக் கண்ட வானம் பார்த்த நிலம் இது. இங்கு வீட்டுக்கு வீடு துமுக்கி முளைப்பதை நல்லறிவுடையார் எவரும் விரும்பார்.

ஆயினும் இக்கட்டுப்பாட்டின் வேர் எது? மருது உடன்பிறந்தாரைத் தூக்கிலிட்ட வெள்ளைக் கும்பினி, 1801 திசம்பர் முதல் நாள் தென்பாளையங்களின் படைக்கலங்களைத் தடைசெய்து ஆணையிட்டது. 1878இல் லிட்டன் சட்டம் வந்தது. வெள்ளையர்க்கு விலக்கு, நம்மவர்க்கு விலங்கு! மக்களைக் காப்பதற்கன்று, மக்களுக்கு அஞ்சியே அவை பிறந்தன.

1959ஆம் ஆண்டுச் சட்டமோ, போதிய உடைமை இல்லை என்பதற்காக மட்டும் உரிமம் மறுத்தல் கூடாது என்கின்றது. மறுத்தால் அதன் கரணியத்தை எழுத்தில் பதியச் சொல்கின்றது. மேல்முறையீட்டிற்கும் வழி வைத்துள்ளது. ஆங்கிலத்தில் பிறந்த இச்சட்டத்தின் இவ்வுரிமைகளை எத்தனை உழவர் அறிவர்? 1956 முதல் தமிழே ஆட்சிமொழி அன்றோ!

கொடுப்பினும் மறுப்பினும், அதன் கரணியம் அவ்வுழவர்க்குத் தமிழில் விளங்கல் வேண்டும். துமுக்கி எல்லார்க்கும் வேண்டுவதன்று. முறை எல்லார்க்கும் வேண்டும்!