கோட்டை ஏறுவோம், வாரீர்!

நம் மன்றத்தின் ஆண்டுச் சுற்றுலாவுக்கு எங்கே செல்வது என்ற கேள்வி மீண்டும் எழுந்திருக்கிறது. சென்ற ஆண்டு நீர் விளையாட்டுப் பூங்கா ஒன்றுக்குப் போனோம். நனைந்தோம், உண்டோம், படம் எடுத்தோம், திரும்பினோம். மறுநாள் காலை, அந்த நாளைப் பற்றிச் சொல்ல ஒருவரிடமும் ஒரு செய்தி இல்லை. இவ்வாண்டும் அங்கேயே போகலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. ராஜ்கட் கோட்டைக்குப் போவோம் என்கிறேன். காரணம் கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். அதற்கு முன், என் வெட்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

நான் செஞ்சிக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவன். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் பேருந்தில் எத்தனை முறை போயிருப்பேனோ, கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் சன்னல் வழியே அந்த மலைகளைப் பார்ப்பேன். உருண்டைப் பாறைகளை யாரோ கொட்டிக் குவித்தாற்போல இருக்கும். அவற்றின் இடையே மதில் ஏறி இறங்கும். ஒரு நாளேனும் இறங்கி ஏறிப் பார்த்ததில்லை. “பக்கத்தில்தானே இருக்கிறது, எங்கே ஓடிவிடப் போகிறது?” என்பது எங்கள் வீட்டார் பேச்சு. அந்தப் பேச்சோடு இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. நிலவியல் முதுகலை படிக்கப் புனே வந்து சேர்ந்தேன்.

வந்த முதல் ஆண்டு, மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு நண்பர் ஒருவர் என்னை ராஜ்கட்டுக்கு அழைத்துப் போனார். மராட்டியர். பேசுவது குறைவு, நடப்பது அதிகம். நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோ மீட்டர். குஞ்சவணே என்னும் சிற்றூரில் இறங்கி நடக்கத் தொடங்கினோம். கீழே நெல் வயல்கள். மேலே மஞ்சளும் ஊதாவுமாய்ப் பெயர் தெரியாப் பூக்கள். ஏற ஏற மூச்சு வாங்கியது. இறுதியில் பாறையில் செதுக்கிய படிகளைக் கையாலும் காலாலும் பற்றிக்கொண்டு ஒரு சிறு வாயிலுக்குள் நுழைந்தபோது, கடல்போல் சகியாத்திரி மலைத்தொடர் விரிந்து கிடந்தது. பத்மாவதி, சுவேளா, சஞ்சீவனி என்று மூன்று திசைகளில் மூன்று நீண்ட மலைத்திட்டுகள். நடுவே உயர்ந்து நிற்பது பாலேகில்லா எனும் உட்கோட்டை. ராய்கட்டுக்கு மாறும்வரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு சிவாஜியின் தலைநகரம் இதுதான்.

அங்கே உட்கார்ந்து நண்பர் கேட்டார்: “நீ ஜிஞ்சிக்காரன் அல்லவா? ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் ஒரு பிளவும் பாலமும் இருக்கிறதாமே, எப்படி இருக்கும்? எங்கள் ராஜாராம் மகாராஜா இந்த ராஜ்கட்டில்தான் பிறந்தார். உங்கள் ஊரில்தான் உயிர் பிழைத்தார்.”

நான் விழித்தேன். பாலமா? பிளவா? ராஜாராமா? “பார்த்திருக்கிறேன்” என்று பொய் சொல்ல நா எழவில்லை. “ஏறியதில்லை” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்கு இத்தனை வலித்திராது.

வரலாறு இதுதான். 1677இல் சிவாஜி பீஜப்பூராரிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றி அரண்களை வலுப்படுத்தினார். 1689இல் அவருடைய மூத்த மகன் சம்பாஜி ஔரங்கசீப்பால் கொல்லப்பட்டார். இளைய மகன் ராஜாராம் மாறுவேடம் பூண்டு தெற்கே ஓடிச் செஞ்சியை அடைந்தார். மொகலாயத் தளபதி சுல்பிகார்கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினான். 1698 வரை, எட்டு ஆண்டுகள், ஒரு பேரரசின் படையை நம் செஞ்சிப் பாறைகள் தடுத்து நின்றன. அத்தனை நாளும் மராட்டிய அரசின் தலைநகரம் நம் தமிழ் மண்ணில் இருந்தது. கோட்டை விழுமுன் ராஜாராம் தப்பித் தம் நாடு சேர்ந்தார். இதைப் புனேப் பிள்ளை அறிவான், செஞ்சிப் பிள்ளை அறியான்! எனக்கு அதுவரை தெரிந்த செஞ்சி, 1714இல் ஆர்க்காட்டு நவாபோடு பொருது மாண்ட தேசிங்குராஜன் கதையோடு நின்றுவிட்டது.

அந்தப் பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போன மறுநாளே செஞ்சிக் கோட்டை ஏறினேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் வளைத்துச் செல்லும் மதிலைக் கண்டேன். களஞ்சியம் கண்டேன், கல்யாண மகால் கண்டேன். அந்தப் பாலத்தின்மேல் நின்று நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னேன்: “இதோ, நிற்கிறேன்.”

ஏறியபோது நான் படிக்கும் பாடமும் உடன் ஏறியது. ராஜ்கட் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காய்ப் பரவி உறைந்த பாறை. வயது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டு. கடின அடுக்கு செங்குத்தாய் நிற்கும், மென்மையான அடுக்கு கரைந்து சரிவாகும். ஆகவே மலையே படிக்கட்டாகவும், உச்சி தட்டையாகவும் அமைந்துவிடுகிறது. இயற்கை கட்டிய கோட்டைக்கு மனிதன் வாயில் வைத்தான். செஞ்சியோ 200 கோடி ஆண்டுக்கும் மூத்த கருங்கல். வெடிப்புகளின் வழியே நீர் புகுந்து, மூலைகள் தேய்ந்து, உருண்டைகளாய் நிற்கிறது. உருண்டைகளின் இடைவெளியை மட்டும் மதிலால் அடைத்தார்கள் நம் கட்டடக் கலைஞர்கள். இரண்டு பாறை, இரண்டு அறிவு. இந்தப் பாடத்தை எந்த நீர்ப்பூங்கா சொல்லித் தரும்?

“அது மராட்டியர் பெருமை, நமக்கு என்ன?” என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். செஞ்சி யாருடையது? விசயநகரத்தார் நாயக்கர்கள் ஆண்டார்கள். பீஜப்பூரார், மராட்டியர், மொகலாயர், நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போயிற்று. எல்லாரும் போய்விட்டார்கள், பாறை இருக்கிறது. 2025 சூலையில் யுனெஸ்கோ, மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகள் என்று 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. பதினொன்று இந்த மாநிலத்தவை. ராஜ்கட் அவற்றில் ஒன்று. பன்னிரண்டாவது செஞ்சி. உலகம் இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிவிட்டது. நாம் மட்டும் வேலி போட்டுக்கொண்டு நிற்கலாமா?

“அரசர்கள் சண்டையிட்டார்கள், குடியானவன் மாண்டான். அதைக் கொண்டாடுவானேன்?” என்பது மற்றொரு கேள்வி. நேர்மையான கேள்வி. எட்டு ஆண்டு முற்றுகையில் சுற்றுப்புற ஊர்கள் பட்ட பாடு கொஞ்சமா? இரு படைகளுக்கும் சோறு போட்டது எந்த வயல்? கல் சுமந்தோர் பெயரை எந்த அரசன் கதை சொல்கிறது? ஆனால், அந்தக் கேள்விகூட எனக்கு மலை ஏறிய பிறகுதான் தோன்றியது. பேருந்துச் சன்னலில் தோன்றவில்லை. கோட்டைக்குப் போவது கும்பிட அன்று, கேட்க.

இன்னொன்றும் கண்டேன். செஞ்சிச் சுவர்களில் காதலர் பெயர்களை ஆணியால் கீறியிருக்கிறார்கள், நல்ல தமிழ் எழுத்தில்! ராஜ்கட்டிலும் நெகிழிப் புட்டிகள் கிடக்கத்தான் செய்கின்றன. ஆனால் அங்கே ஞாயிறுதோறும் இளைஞர் குழுக்கள் சாக்குப் பையோடு வந்து குப்பை பொறுக்குவதையும், தூர்ந்த நீர்த்தொட்டிகளைத் தூர் வாருவதையும் என் கண்ணால் கண்டேன். அவர்களுக்குக் கூலி இல்லை, மேடை இல்லை. மொழிப் பற்று, நாட்டுப் பற்று என்று மேடையில் முழங்கும் நாம், நம் கோட்டையில் ஒரு புட்டியைக் குனிந்து எடுத்ததுண்டா? நான் எடுத்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆகவே, வரும் பொதுக்குழுவில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கப் போகிறேன். ஒன்று: மழை ஓய்ந்ததும் ஐப்பசியில் ராஜ்கட் செல்வோம். இரண்டு: சோற்றுப் பொட்டலம் கட்டிச் செல்லாமல், அடிவாரத்து ஊரார் வீட்டில் காசு கொடுத்துப் பாக்ரியும் பிட்லாவும் உண்போம். கோட்டையால் அவர்கள் அடுப்பும் எரியட்டும். நாம் கொண்டு போனதையும், வழியில் கண்டதையும் சாக்கில் கட்டிக் கீழே இறக்குவோம். மூன்று: பொங்கல் விடுமுறையில் மராட்டிய நண்பர்களைச் செஞ்சிக்கு அழைத்துச் செல்வோம். வழி காட்டுவது என் பொறுப்பு. தங்குவதற்கு எங்கள் வீட்டுத் திண்ணை இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். “எத்தனை பேர் என்று மட்டும் முன்னாலேயே சொல்லுடா” என்றார்.

நண்பர்களே, எத்தனை பேர்?