சுனாமி குண்டு வெடித்தா வந்தது?

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியதற்குக் காரணம் வல்லரசுகள் கடலடியில் இரகசியமாக வெடித்த அணுகுண்டு என்று, தூத்துக்குடி திரேஸ்புரத்து டீக்கடையில் நம்மிடமே சத்தியம் செய்தார்கள். ஆலை வாசலிலும் கேட்டோம்.

இந்தப் புரளி பிறந்த கதையைக் கேளுங்கள். 2005 ஜனவரியில் எகிப்தின் அல் உஸ்பூ என்ற வாரப் பத்திரிகை, அமெரிக்க, இஸ்ரேலிய நிபுணர்களோடு சேர்ந்து இந்தியா நடத்திய அணு சோதனைதான் காரணமாக இருக்கலாம் என்று எழுதியது. ஆதாரம்? ஒன்றுமில்லை! ஆனாலும் ஊர் ஊராகப் பரவிற்று.

ஏன் நம்பினார்கள்? மக்களை முட்டாள்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். 1944-45ல் நியூஸீலாந்தில் குண்டுகளால் பேரலை எழுப்ப யுத்த இலாகா மெய்யாகவே சோதனை செய்தது. அது பலிக்கவில்லை, கைவிட்டார்கள். விவரம் வெளிவந்ததோ 1999ல்! டீகோ கார்சியாவில் குடியிருந்த ஏழைகளை 1968 முதல் 1973க்குள் விரட்டிவிட்டு அங்கே அமெரிக்கத் தளம் கட்டினார்கள். சுனாமியில் அந்தத் தளம் தப்பியதும் சந்தேகம் வளர்ந்தது. அது தப்பியது சுற்றிலும் கடல் ஆழமாக இருப்பதால். ஆழத்தில் அலை உயர்வதில்லை. கரையோர ஆழமற்ற கடலில்தான் எழும்பும். நமது முத்துக்குளித்துறையில் சேதம் குறைந்ததற்கும் காரணம் குண்டு அல்ல, குறுக்கே கிடக்கும் இலங்கை.

சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி பிளந்தது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரம்! எந்தக் குண்டு இதைச் செய்யும்?

சரி, இந்தக் கட்டுக்கதையால் யாருக்கு லாபம்? காலை 6.30 மணிக்குப் பூமி அதிர்ந்தது. நாகப்பட்டினத்தை அலை அடித்தது சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து. பசிபிக் கடலுக்கு 1949லேயே எச்சரிக்கை நிலையம் உண்டு. இந்துமகா சமுத்திரத்துக்கு இல்லை. நாகை ஜில்லாவில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஐதராபாத்தில் நிலையம் திறந்தது 2007ல்தான்.

அன்று காலை பூகம்பச் செய்தியைத் தாங்கிய சர்க்கார் ஃபாக்ஸ் எங்கே போயிற்று தெரியுமா? பதவியிழந்து ஏழு மாதமான பழைய மந்திரியின் வீட்டுக்கு! நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் புலிகள் அந்தக் காகிதத்தைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை?