கேட்காமலே ஓடும் வீடியோ... உங்கள் 1.5 ஜிபி எங்கே போகிறது?

சாயங்காலம் ஆறு, ஏழு மணியானால் மந்தைவெளிப் பக்கம் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழும். “நெட் ஏன்டா இப்படி ஊர்றது?” என்பார் தாத்தா. பேரன் போனை வாங்கிப் பார்த்தால், அன்றைய 1.5 ஜிபி காலி. தாத்தா சினிமா எதுவும் பார்க்கவில்லை. பறக்கும் ரயிலுக்குக் காத்திருந்தபோது கொஞ்சம் செய்தி, மதியம் ராசிபலன், நடுவில் கிரிக்கெட் ஸ்கோர். அவ்வளவுதான்.

ஆனால், அவர் படித்த பக்கங்களின் ஓரத்தில் வீடியோக்கள் ஓடிக்கொண்டே இருந்தன. சுமாரான தரத்தில், விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் வரும் வீடியோ என்றால் நிமிடத்துக்கு 15 எம்பி. பத்து நிமிடம் ஓடினால் 150 எம்பி, அதாவது ஒரு நாள் கோட்டாவில் பத்தில் ஒரு பங்கு. கூடவே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும் வீடியோக்கள். கோட்டா தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். அதாவது விநாடிக்கு 8 கேபி. 400 கேபி உள்ள ஒரே ஒரு போட்டோ முழுதாகத் தெரிய 50 விநாடி! அந்த நேரத்தில் பாஸ்புக்கைப் பார்க்கவோ, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போடவோ முடியாது.

“சத்தமே வரலையே, வீடியோ எங்கே ஓடுச்சு?” என்று கேட்கலாம். விஷயமே அதுதான். 2018 ஏப்ரலில் வந்த குரோம் 66, சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோக்களுக்குக் கடிவாளம் போட்டது. சத்தமில்லாமல் ஓடினால் தடையில்லை. விளம்பரக்காரர்களும் வாயை மூடிக்கொண்டு ஓட்டுகிறார்கள். காதுக்கு நிம்மதி, டேட்டாவுக்கு இல்லை. போன் குரோமில் ‘சைட் செட்டிங்ஸ்’ போனால் ‘சவுண்ட்’ இருக்கும். அது சத்தத்தை மட்டும்தான் நிறுத்தும்.

பக்கங்களைச் சுருக்கித் தரும் ‘லைட் மோட்’ என்ற வசதி முன்பு குரோமில் இருந்தது. 2022 மார்ச்சில் கூகுள் அதை நிறுத்திவிட்டது. பல நாடுகளில் டேட்டா விலை குறைந்துவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. இங்கேயோ 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வி மூன்றுமே கட்டணத்தை ஏற்றின!

படத்தை நிறுத்திவிட்டு எழுத்தை மட்டும் படிப்பது ஒன்றும் புதிய யோசனை இல்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, அப்போதைய மெட்ராஸும் அந்தப் பட்டியலில் இருந்தது. மாணவர்களுக்கு 500 ரூபாய்க்குக் கிடைத்த ‘ஷெல்’ கணக்கில் வெறும் எழுத்துதான் வரும், படமே கிடையாது. படம் தெரியும் கணக்கு வேண்டுமென்றால் 15,000 ரூபாய். அந்தக் காசைக் கட்டியவர்கள்கூட நெட்ஸ்கேப் பிரவுசரில் ‘ஆட்டோ லோட் இமேஜஸ்’ டிக்கை எடுத்துவிட்டுத்தான் படித்தார்கள். ஒரே கிளிக்கில் எடுக்க முடிந்த அந்த டிக்கை இன்றைய போன் பிரவுசர்களில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எங்கே இருக்கிறது? ஆண்ட்ராய்டு போன் என்றால் ஃபயர்ஃபாக்ஸ்தான் நல்ல வழி. மூன்று புள்ளியைத் தொட்டு ‘செட்டிங்ஸ்’, அதில் ‘சைட் செட்டிங்ஸ்’ (சில வெர்ஷன்களில் ‘சைட் பெர்மிஷன்ஸ்’), அதற்குள் ‘ஆட்டோபிளே’. வீடியோவை மொத்தமாக நிறுத்தலாம், அல்லது மொபைல் டேட்டாவில் மட்டும் நிறுத்தலாம். இரண்டாவதே போதும். வீட்டு வைஃபையில் வழக்கம்போல ஓடும், வெளியே வந்தால் நின்றுவிடும்.

படங்களுக்கு, அதே ஃபயர்ஃபாக்ஸில் ‘யூபிளாக் ஆரிஜின்’ என்ற இலவச ஆட்-ஆனைச் சேர்க்கலாம். குறிப்பிட்ட கேபி அளவுக்கு மேலான படம், வீடியோக்களைத் தடுக்கும் ஆப்ஷன் அதன் செட்டிங்ஸில் உண்டு. 50 கேபி என்று வைத்தால் சின்னச் சின்ன ஐகான்கள் தெரியும், பெரிய போட்டோக்கள் வராது. பார்க்க வேண்டிய படத்தை மட்டும் தொட்டு வரவழைக்கலாம். ஓபரா மினியிலும் படத்தின் தரத்தைக் குறைக்கலாம், படமே வேண்டாம் என்றும் வைக்கலாம். ஆனால், பக்கங்களைச் சுருக்குவதற்காக அவை ஓபராவின் சர்வர் வழியாக வரும் என்பதால், பேங்க் வேலைக்கு அது வேண்டாம்.

பிரவுசரை மாற்ற மனமில்லாதவர்கள் ஆண்ட்ராய்டின் ‘டேட்டா சேவர்’ பட்டனையாவது ஆன் செய்யலாம். பின்னணியில் டேட்டா உறிஞ்சுவது குறையும், சில ஆப்களில் தொட்டால்தான் படம் வரும். ஐபோனில் ‘லோ டேட்டா மோட்’ உண்டு. வாட்ஸ்அப்புக்கு ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’வில் போய் ‘மீடியா ஆட்டோ-டவுன்லோட்’டில் மொபைல் டேட்டாவுக்கான டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

டேட்டா மட்டுமே காரணம் இல்லை. 2015 ஆகஸ்ட் 26 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில், நேரலையில் இருந்த டிவி நிருபரும் ஒளிப்பதிவாளரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளி, தானே எடுத்த வீடியோவை ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டான். இரண்டிலும் அப்போது வீடியோ தானாக ஓடும். சும்மா ஸ்க்ரோல் செய்தவர்கள் ஒரு கொலையைப் பார்க்க நேர்ந்தது. வீட்டில் குழந்தைகள் கைக்கும் போன் போகிறது என்றால், அந்த ஆப்களின் செட்டிங்ஸிலும் ‘ஆட்டோபிளே’யைத் தேடி ‘நெவர்’ வைத்துவிடுவது நல்லது.

ஜிஃப் படங்கள் இதற்கெல்லாம் அடங்காது. ஆடினாலும் பிரவுசர் கணக்கில் அது படம்தான், வீடியோ இல்லை. பளிச் பளிச்சென மின்னும் படங்கள் வலிப்பு நோய் உள்ள சிலருக்கு வலிப்பையே வரவழைக்கும். ஐஓஎஸ் 17-க்குப் பிறகான ஐபோன்களில் ‘ஆக்சஸிபிலிட்டி’, ‘மோஷன்’ போய் ‘ஆட்டோ-பிளே அனிமேட்டட் இமேஜஸ்’ஸை ஆஃப் செய்தால் சஃபாரியில் அவை அசையாமல் நிற்கும்.

லேப்டாப்பை போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்களுக்கு குரோமிலேயே வழி இருக்கிறது. ‘சைட் செட்டிங்ஸ்’ஸில் ‘இமேஜஸ்’ போய்ப் படங்களை மொத்தமாக நிறுத்தலாம். ஒரே தொல்லை, கேப்சாவும் படமாகவே வரும். அது தெரியாமல் ஐஆர்சிடிசியில் லாகின் ஆக முடியாது. தட்கல் நேரத்தில் திண்டாடாமல் இருக்க, அதே இடத்தில் படம் காட்ட அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் ஐஆர்சிடிசி முகவரியை முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.