புள்ளிக்காகப் பொருள் வாங்கலாமா?



சென்ற வாரம் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் என்னைப் பார்க்க வந்தார். கையில் அன்று வாங்கிய சம்பளம், முகத்தில் கவலை.

"அக்கா, விளையாட்டுப் பெட்டிக்கு இன்னொரு கேம் வேணும்னு பையன் ஒத்தைக் காலில் நிக்கிறான். இப்ப வாங்கினா புள்ளி சேருமாம். வாங்காட்டி முன்னே சேர்த்த புள்ளியும் வீணாப் போயிடுமாம். வாங்கிக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

புத்தாண்டுக்கு வாடிக்கைக் கடைக்காரர் நமக்குக் காலண்டர் கொடுப்பதில்லையா? இந்தப் புள்ளியும் அந்த வகைதான். வந்த வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு. அதில் தப்பில்லை. ஆனால் காலண்டருக்காக யாராவது ஒரு மூட்டை அரிசி கூடுதலாக வாங்குவார்களா?

ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889இல் சீட்டுக்கட்டு செய்து விற்கத் தொடங்கிய கம்பெனி நிண்டெண்டோ. பிற்காலத்தில் வீடியோ கேமில் பெயர் பெற்றது. அது 2003இல் ஜப்பானிலும், 2008இல் வட அமெரிக்காவிலும் 'கிளப் நிண்டெண்டோ' என்ற சங்கத்தைத் தொடங்கியது. சேரக் கட்டணம் இல்லை. கேம் பெட்டிக்குள் இருக்கும் இரகசிய எண்ணைப் பதிந்து, சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் புள்ளி கிடைக்கும். புள்ளி சேர்ந்தால் பை, சீட்டுக்கட்டு போன்ற பரிசுகள். பிள்ளைகளுக்குப் பரிசு, கம்பெனிக்கோ யார் வாங்குகிறார்கள், எது பிடிக்கிறது என்ற விவரம். 2015இல் அந்தச் சங்கத்தையே மூடிவிட்டார்கள்.

அதற்குப் பதிலாக 2016இல் 'மை நிண்டெண்டோ' வந்தது. அதில் தங்கப் புள்ளி என்று ஒன்று இருந்தது. அமெரிக்காவில் ஸ்விட்ச் பெட்டிக்கு இணையத்தில் 60 டாலருக்கு ஒரு கேம் வாங்கினால் 300 புள்ளி. கேட்கும்போது பெரிதாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஒரு புள்ளியின் மதிப்பு ஒரு சென்ட்தான். ஆக 300 புள்ளி என்பது 3 டாலர்!

இப்போது கணக்குப் போடுங்கள். 60 டாலர் கேம் ஒன்றை இனாமாகப் பெற 20 கேம் வாங்க வேண்டும். 1,200 டாலர் செலவு. அதுவும் ஓராண்டுக்குள், தவணை கடந்தால் புள்ளி செத்துவிடும். அந்தத் தங்கப் புள்ளி கொடுப்பதையும் 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள்.

சோனி கம்பெனியின் 'பிளேஸ்டேஷன் ஸ்டார்ஸ்' 2022 செப்டம்பரில் ஆசியாவில்தான் முதலில் அறிமுகமானது. மூன்று ஆண்டு முடிவதற்குள், 2025 மே மாதத்தில், அதை முடித்துக்கொள்வதாக அறிவித்துவிட்டார்கள். சேர்த்த புள்ளியைச் செலவழிக்க மட்டும் தவணை கொடுத்தார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? புள்ளி நம் சேமிப்பு அல்ல. வங்கியில் போட்ட பணத்தைக் கேட்டு வாங்கலாம். புள்ளியோ கொடுத்தவன் விருப்பம். அவன் கடையை மூடினால் அதுவும் போயிற்று.

அதற்காகப் புள்ளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எப்படியும் வாங்கப்போகும் பொருளுக்கு வருகிற புள்ளியை விடுவானேன்? ஆனால் மூன்று காரியம் செய்யுங்கள். இருக்கிற புள்ளிக்கு இப்போதே என்ன கிடைக்கும், எந்தத் தேதிவரை செல்லும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். புள்ளியை வெள்ளியாக மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். கணக்கின் இரகசிய எண்ணும் வங்கி அட்டையும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

"பையனை அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். பென்சிலும் தாளும் கொடுத்து அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள்" என்று அந்தத் தாயை அனுப்பி வைத்தேன்.

மறுநாள் போன் செய்தார். பையன் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தானாம். பிறகு, "எட்டு வெள்ளிப் புள்ளிக்கு இருநூறு வெள்ளியாம்மா? வேண்டாம், தீபாவளிக்குப் பார்க்கலாம்" என்றானாம்.

அந்தச் சம்பளம் வெயிலிலும் மழையிலும் குலை சுமந்து வந்த பணம். அதன் அருமையைப் பிள்ளை தானே உணர்ந்தானே, அதைவிடப் பெரிய பரிசு எந்தப் புள்ளிக்குக் கிடைக்கும்?