பழைய வண்டியும் பாடபேதமும்

திருப்பூர் நல்லூரில், காங்கயம் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் ஒரு பட்டறை இருக்கிறது. பனியன் கம்பெனிகளின் சரக்கு வண்டிகளைப் பழுது பார்ப்பதே அதன் அன்றாடப் பிழைப்பு. அண்மையில் அங்கே சென்றிருந்தபோது, அவ்வண்டிகளுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்றைக் கண்டோம். 1948ஆம் ஆண்டுச் செவர்லே. நமக்கு உண்டான உவகை பட்டறைக்காரர் முகத்தில் இல்லை.

"இஞ்சின் மாத்தி அம்பது வருசத்துக்கு மேல ஆச்சுங்க. இப்ப ஓனரு அமெரிக்காவுல இருந்து அந்தக் காலத்துப் பெட்ரோல் இஞ்சினே வரவெக்கறேங்கறாரு. இந்த டீசல் இஞ்சினக் காயலாங்கடைக்குப் போட்ரச் சொல்றாரு. எங்கய்யன் பூட்டுனதுங்க சார், மனசு வரமாட்டேங்குது" என்றார்.

அந்தத் தயக்கம் நம்மையும் தொற்றிக்கொண்டது. பழைய பொருளொன்றை மீட்பதென்றால் எந்தக் காலத்துக்கு மீட்பது? தொழிற்சாலையை விட்டு அது வெளிவந்த நாளுக்கா, நம் மண்ணில் அது வாழ்ந்த நாள்களுக்கா?

அமெரிக்கக் கார்கள் இந்நாட்டில் அரும்பொருளாக வந்திறங்கியவை அல்ல. ஃபோர்டு நிறுவனம் 1926இல் இந்தியக் கிளையைத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் உதிரிகளைப் பூட்டி வண்டியாக்கும் ஆலையை அமைத்தது. விடுதலைக்குப் பின், பூட்டினால் மட்டும் போதாது, இங்கேயே உற்பத்தி செய்யவேண்டும் என்ற அரசின் கொள்கை வலுப்பெற்றது. 1950களின் நடுப்பகுதிக்குள் இரு நிறுவனங்களும் கடையைக் கட்டின. வண்டிகள் தங்கிவிட்டன, உதிரிபாகங்களின் வரத்து சுருங்கிவிட்டது.

அந்த இடைவெளியை நிரப்பியவை நம் பட்டறைகள். கொங்கு நாட்டில் அதற்கான கைப்பழக்கம் முன்பே இருந்தது. ஜி.டி. நாயுடு 1920இல் ஒற்றைப் பேருந்தோடு பொள்ளாச்சி - பழனி வழித்தடத்தில் தொழில் தொடங்கினார். அக்காலப் பேருந்துகள் பலவும் அமெரிக்க அடிச்சட்டங்களின்மேல் கூடு கட்டப்பட்டவை. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் அரிதானபோது அவை கரிவாயுக் கலனைச் சுமந்துகொண்டு ஓடின. பின்னர், 1950களில் சென்னையின் சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் டீசல் இயந்திரங்களை உற்பத்தி செய்யத் தொடங்கியது. பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் பெரிய அமெரிக்கக் கார்களின் வயிற்றில் டீசல் இயந்திரம் புகுந்தது இந்த வரிசையில்தான். நல்லூர்ச் செவர்லேயும் அவற்றுள் ஒன்று.

உரிமையாளர் பக்கத்து நியாயத்தை நாம் மறுக்கவில்லை. அவர் தேடும் ஆறு சிலிண்டர் இயந்திரம் தனியழகு உடையது. 1950களின் தொடக்கம் வரை வந்த அவ்வகை இயந்திரங்களில் இக்காலத்து மாற்றுத் தகடுகள் கிடையா. பேரிங்குகளில் வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றி, கடைந்து, கையால் சுரண்டிப் பொருத்தவேண்டும். மெல்லிய தகடுகளைச் செருகியும் எடுத்தும் மயிரிழை அளவுக்கு இடைவெளியைச் சரிசெய்யவேண்டும். அதைப் பூட்டி முடித்தாலும் வேலை தீராது. 6 வோல்ட் மின்னமைப்புக்குத் தடித்த கம்பிகள் வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல், அக்காலத்து ரப்பர்க் குழாய்களையும் தக்கை கேஸ்கட்டுகளையும் நாளடைவில் கெடுக்கும். அவற்றை மாற்றாமல் ஓட்டுவது ஆபத்து. இவ்வளவுக்கும் துணிந்து காசு செலவிடும் மனிதரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

சட்டமும் அவர் பக்கமே நிற்கிறது. 2021ஆம் ஆண்டு ஜூலையில் ஒன்றிய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென விதிகளை வகுத்தது. 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் வண்டி தன் மூல வடிவில் இருக்கவேண்டும்; அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ இயந்திரத்திலோ பெருமாற்றம் கண்டிருக்கக் கூடாது. அதாவது, இயந்திரம் மாற்றி அரை நூற்றாண்டு நம் சாலைகளில் உழைத்த வண்டிக்கு அம்மதிப்பு இல்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது சிதைந்த அடிகளைத் தம் புலமையால் நிரப்பிவிடவில்லை; புள்ளியிட்டு விட்டுவைத்தார். 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்வெண்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. ஏடுகள் முரண்பட்ட இடங்களில் ஒன்றை மூலத்தில் ஏற்று மற்றதைப் பாடபேதமாகக் காட்டினார். ஏற்காத பாடத்தையும் அவர் எறிந்துவிடவில்லை என்பதே நாம் இங்கே நினைவுகொள்ள வேண்டியது.

பழைய வண்டியை மீட்பவரும் ஒரு பதிப்பாசிரியரே என்று நாம் கருதுகிறோம். பெட்ரோல் இயந்திரம் மூலபாடமாக அமையட்டும். டீசல் இயந்திரம் பாடபேதம்; அதற்கு உரிய இடம் அடிக்குறிப்பே ஒழியக் காயலான் கடை அன்று. இதை நாம் வெறும் ஏட்டுப்படிப்பால் சொல்லவில்லை. பழங்கார்க் கழகங்களின் உலகக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும், வண்டி வாழ்ந்த வரலாற்றின் தடயங்களை மதிக்கச் சொல்கிறது. செய்த மாற்றங்களை எழுதிவைக்கவும் சொல்கிறது.

அதற்காகப் பழைய மாற்றங்கள் யாவும் போற்றத் தக்கன என்று வாதிட மாட்டோம். ஏடெழுதியவரின் கைப்பிழை பாடபேதம் ஆகிவிடாது. துருவை நீக்காமல் அதன்மேல் பட்டி பூசி மறைத்த வேலையும், அவசரத்தில் அடிச்சட்டத்தை அறுத்து ஒட்டிய வேலையும் பிழைகளே, களைவதுதான் முறை. ஆனால் உதிரிபாகம் கிட்டாத காலத்தில், வேறொரு வண்டிக்கென வார்த்த இயந்திரத்துக்குத் தாங்கிகள் செய்து, கியர்ப்பெட்டியோடு இணைத்து, அதிர்வடக்கி ஓடவிட்டது பிழையன்று. பாட்டுக்கு உரை எழுதுவது போன்ற வேலை அது. அந்த உரையாசிரியர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நமக்குள்ள கவலை ஒரு காரைப் பற்றியது மட்டுமன்று. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளை 2015இல் திறந்த கார் அருங்காட்சியகத்தில் பழைய வண்டிகளைப் பேணிவைத்திருக்கிறார்கள். மாணவர்களை அழைத்துச் சென்று காட்டவேண்டிய இடம். ஆனால் வண்டியைக் காட்சிக்கு வைக்கலாம், கைப்பழக்கத்தை வைக்க முடியாது. வெள்ளீயம் ஊற்றும் பதத்தை நிறத்தைப் பார்த்தே சொல்லும் முதியவர் போய்விட்டால், அந்த அறிவு செல்லரித்த சுவடிதான். பிரதி எடுக்க ஒருவரும் இல்லை.

பட்டறைக்காரரிடம் நாம் ஒன்று கேட்டுக்கொண்டோம்: இயந்திரத்தைக் கழற்றும்போது ஒவ்வொரு நிலையிலும் படம் எடுங்கள், உங்கள் தந்தையார் எந்தத் தாங்கியை எங்கே செய்வித்தார், ஏன் அப்படிச் செய்தார் என்பதைச் சொல்லுங்கள், நாம் எழுதிக்கொள்கிறோம். அவர் சிரித்தார். "இதயெல்லாமா எழுதுவீங்க?" என்றார். எழுதத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. உரிமையாளர் இயந்திரத்தை விட்டுவைக்க இன்னும் இசையவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் பார்க்கப் போகிறோம்.

வாசகர்களின் ஊரிலும் இத்தகைய பட்டறை ஒன்று இருக்கக்கூடும். ஒரு மாலைப்பொழுதை அங்கே செலவிட்டு, கேட்டதை எழுதி வையுங்கள். கறையான் காத்திருப்பதில்லை.