வழக்கு முடிந்தபின் மாடு எங்கே போகும்?

2025 ஜனவரியில் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு நாய் தூக்கில் தொங்கவிடப்பட்டது. அந்த நாய் யாரோ ஒருவரின் ஆட்டைக் கடித்துவிட்டது. பிணக்கு இணக்க சபைக்குப் போனது. நாயை ஆட்டுக்குரியவரிடம் ஒப்படைப்பது என்று அங்கே முடிவானதாகச் செய்திகள் சொல்லின. ஒப்படைத்தார்கள். பிறகு நடந்ததுதான் படமாக முகநூலில் பரவியது. மாங்குளம் பொலிஸார் ஒருவரைக் கைது செய்தார்கள், ஊர் கொதித்தது, ஒரு கிழமையில் அடங்கியது.

எல்லோரும் கயிறு போட்ட கையைத் திட்டினார்கள். எனக்கோ அந்த இணக்க சபையின் மேசைதான் கண்ணுக்குள் நின்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. வேலிச் சண்டை, கைமாற்றுக் கடன், வாய்த்தர்க்கம் என்று ஊர்ப் பிணக்குகளைப் பெரியவர்கள் இருந்து பேசித் தீர்க்கிற இடம். ஆட்டுக்கு என்ன விலை என்று அவர்களால் கணக்குப் பார்க்க முடியும். நாயைக் கைமாற்றினால் நாய்க்கு என்ன ஆகும் என்ற கேள்வி அந்த மேசையில் எழவில்லை. அவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆட்டுக்கு ஈடாக நாய் என்பது ஒரு பொருளுக்கு ஈடாக இன்னொரு பொருள். நமது சட்டமும் நூறு ஆண்டுக்கு மேலாக அப்படித்தான் கணக்குப் பார்த்துவந்திருக்கிறது.

அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டுவோம். 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். விலங்கை அடித்துத் துன்புறுத்தினாலும் அளவுமீறி ஓட்டினாலும் சித்திரவதை செய்தாலும் உச்சத் தண்டப்பணம் 100 ரூபா, உச்சச் சிறை மூன்று மாதம். 1907இல் 100 ரூபா ஒரு கூலியாளின் பல மாத உழைப்பு. இன்று யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு முன்னால் ஒரு தேநீரும் ஒரு வடையும். அந்தத் தொகையைச் சொல்லிச் சிரிப்பது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. ஆனால் அதற்குப் பக்கத்தில் தண்டனைச் சட்டக் கோவையை வைத்துப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். 1883ஆம் ஆண்டுக் கோவை அது. அடுத்தவனின் மாட்டைக் கொன்றாலோ முடமாக்கினாலோ அங்கே ஆண்டுக்கணக்கில் சிறை உண்டு. அந்தக் குற்றத்தின் பெயரே சொத்துக்குச் சேதம் விளைவித்தல். சிறிய விலங்குகளென்றால் அவற்றின் பெறுமதி இத்தனை ரூபா என்றும் பார்க்கவேண்டும். ஆக, அயலவனின் மாட்டுக்கு ஒரு வெட்டு விழுந்தால் சட்டம் எழுந்து நிற்கும். சொந்த மாட்டைப் பட்டினி போட்டுக் கட்டிவைத்து அடித்தால் 100 ரூபா. சட்டம் காப்பது உடைமைக்காரனை. அவனிடமிருந்தே விலங்கைக் காக்கவேண்டி வரும்போது அதற்கு நா எழுவதில்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. 1907ஆம் ஆண்டுச் சட்டம் விலங்கு என்று சொல்வது வீட்டு விலங்கையும் பிடித்து அடைக்கப்பட்ட விலங்கையும் மட்டுமே. காட்டு விலங்குகளுக்கு 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவை? குறிகாட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போய்ப் பாருங்கள். ஐரோப்பியர் காலத்தில் வந்து, ஒல்லாந்தர் வளர்த்துப் பெருக்கிய குதிரைகளின் வழி வந்தவை அங்கே வெட்டவெளியில் திரிகின்றன. கடும் வரட்சியில் குட்டைகள் வற்றும்போது தண்ணீர் இல்லாமல் செத்தும் விழுந்திருக்கின்றன. அது வீட்டுக் குதிரையா, காட்டுக் குதிரையா? சுற்றுலாப் பயணி படம் எடுக்கும்போது அது நெடுந்தீவின் பெருமை. தண்ணீர் வைக்கவேண்டிய நாளில் யாருடைய கோப்பிலும் அது இல்லை.

யாழ்ப்பாணத்தில் விலங்குவதை என்று வாய் திறந்தால் பேச்சு நேரே கோயிலில் கிடாய் வெட்டும் வேள்விக்குத்தான் போகும். கருகம்பனை கவுணாவத்தை நரசிங்க வைரவர் கோயில் வேள்வி நமது பத்திரிகைகளுக்கு ஆண்டுதோறும் தவறாத செய்தி. ஒரு வருடமாக வீட்டில் ஊட்டி வளர்த்த கிடாய்களை மாலை போட்டு ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள், நூற்றுக்கணக்கில். அகில இலங்கை சைவ மகா சபை 2016இல் இதை எதிர்த்து யாழ். மேல் நீதிமன்றத்துக்குப் போனது. 2017 ஒக்ரோபர் 24ஆம் நாள் நீதிபதி மா. இளஞ்செழியன், தமது அதிகார எல்லைக்குள் இருக்கும் இந்துக் கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடத் தடை விதித்துத் தீர்ப்பளித்தார். மறு ஆண்டு செப்ரெம்பரில் இந்துக் கோயில்களில் பலியிடுதலை நாடு முழுவதும் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவையும் இணங்கியது. அதற்கு முன்பே 2011இல் முன்னேஸ்வரம் காளி கோயிலில் அப்போதைய அமைச்சர் மேர்வின் சில்வா ஆட்களோடு போய்ப் பலிக்கு வைத்திருந்த ஆடுகளை ஏற்றிக்கொண்டு வந்த காட்சியும் பலருக்கு நினைவிருக்கும்.

பலியை எதிர்ப்பது நமக்குப் புதிதில்லை. ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடுமையாக எழுதியும் பேசியும் எதிர்த்தார். எனக்கும் வேள்வியில் விருப்பமில்லை. கூட்டத்தின் நடுவே, ஒன்று வெட்டுப்படுவதை அடுத்தது பார்த்துக்கொண்டு நிற்கும்படி வைப்பது எந்தத் தெய்வத்துக்கும் தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்த எதிர்ப்பின் சூடு எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கியே பாய்ந்திருக்கிறது: ஆகமக் கோயிலிலிருந்து வைரவர் கொட்டிலை நோக்கி, மரக்கறிச் சமையலறையிலிருந்து இறைச்சிப் பங்கை நோக்கி. 2018இல் சாவகச்சேரியில் மாட்டிறைச்சிக் கடைகளுக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்தபோது அந்தச் சூடு முஸ்லிம் வியாபாரிகள் பக்கம் திரும்பியதையும் பார்த்தோம். விலங்கின் வலியைப் பேச வந்த வாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கவனிக்கவேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு இதில் நமக்கு முன்னே நடந்து பார்த்த பாதை. விலங்கு, பறவைப் பலியைத் தடுக்கும் சட்டம் அங்கே 1950இலேயே வந்துவிட்டது. அரை நூற்றாண்டு அதை யாரும் தொடவில்லை. 2003 ஓகஸ்டில் முதல்வர் ஜெயலலிதா அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னார். முனியாண்டியும் சுடலைமாடனும் கிடாய் இல்லாமல் நின்றார்கள். கிராமங்கள் முறுக்கிக்கொண்டன. 2004இல் அதே அரசே சட்டத்தை நீக்கிவிட்டது. பலி நடந்த இடங்களில் தொடர்ந்து நடக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் ஓர் ஆடாவது லொறியில் கொஞ்சம் காற்றோட்டமாகப் பயணம் செய்திருக்குமா? அது அந்தச் சட்டத்தின் கவலையாகவே இருக்கவில்லை.

வேள்வி வருடத்தில் ஒரு நாள். மிச்ச நாட்களுக்கு வருவோம்.

எங்கள் வீட்டில் பசு கன்று போட்டால் அம்மம்மா முதலில் கேட்பது நாகா, நாம்பனா என்பது. நாம்பன் என்றால் முகம் கொஞ்சம் வாடும். சில மாதத்தில் தரகர் வருவார். வண்டிலுக்கு என்றுதான் வாங்குவார். அது வண்டிலுக்குப் போகாது என்று அம்மம்மாவுக்கும் தெரியும், தரகருக்கும் தெரியும். அன்று அம்மம்மா நல்லாய்ச் சாப்பிடமாட்டார். ஆனால் காசை எண்ணி வாங்குவார். யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளின் பால்தேநீர் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. அதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும்.

அந்த நாம்பன்களும், வறண்ட பசுக்களும், களவுபோன மாடுகளும் எப்படிக் கொண்டுபோகப்படுகின்றன என்பதற்குப் பொலிஸ் செய்திகளே சாட்சி. பட்டா ரக வாகனத்தில், சில வேளைகளில் ஆசனங்களைக் கழற்றிய வானில், கால்களைக் கட்டி ஒன்றன்மேல் ஒன்றாக, சத்தம் வராமல் வாயையும் கட்டி. தீவகத்திலிருந்து வரும் வீதியில் பொலிஸார் மறித்துப் பிடித்தால், அனுமதிப்பத்திரம் இல்லாமல் கால்நடை கொண்டுபோன குற்றம், திருட்டுக் குற்றம், சட்டவிரோதமாக இறைச்சியாக்கிய குற்றம் என்று வழக்கு வரும். 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் இருக்கிறது, இறைச்சிக்கடைகள் பற்றிய பழைய கட்டளைச் சட்டம் இருக்கிறது. கட்டிப் போட்ட வதைக்கென்று தனியே ஒரு குற்றச்சாட்டு எழுதப்படுவது அபூர்வம். 100 ரூபாவுக்கு யார் இன்னொரு கோப்பைத் திறப்பார்கள்?

அதைவிடப் பெரிய சிக்கல் பிடித்த பிறகுதான் தொடங்குகிறது. மாடு இப்போது சான்றுப் பொருள். பொலிஸ் நிலைய முற்றத்தில் ஒரு வேப்பமரத்தடியில் கட்டப்படுகிறது. புல்லு யார் வெட்டுவது? தவிட்டுக்கு எந்தக் கணக்கில் காசு? காயத்துக்கு மருந்து போடக் கால்நடை வைத்தியர் வருவார், வந்துவிட்டுப் போவார். இரவில்? வழக்கு தவணையிடப்படும்போது மாட்டின் பசி தவணையிடப்படுவதில்லை. கடைசியில் உரியவர் என்று ஒருவர் வருவார். அவரே அதை ஏற்றி அனுப்பியவராகவும் இருக்கலாம். விலங்குவதைச் சட்டத்தைப் பற்றி நான் சொல்லவிரும்புவது இந்த ஒன்றுதான்: மீட்ட விலங்கை எங்கே வைப்பது, யார் தீனி போடுவது, யார் செலவைக் கொடுப்பது என்று எழுதாத சட்டத்தில் தண்டப்பணத்தை ஒரு இலட்சமாக உயர்த்தினாலும் பொலிஸ்காரர் மறுபக்கம் பார்த்துக்கொண்டு வாகனத்தைப் போகவிடுவார். அவர்மேல் எனக்குக் கோபம் வராது.

நாய்களின் கதையிலும் இதே இடம்தான் வெறுமையாக இருக்கிறது. விசர்நாய்க் கட்டளைச் சட்டம் 1893இல் வந்தது. தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை அரசு 2006இல் எடுத்தது. கொல்வது நின்றது, நல்லது. அதற்கு ஈடாக வரவேண்டிய கருத்தடைச் சத்திரசிகிச்சை ஊருக்கு ஊர் சீராக வந்துசேரவில்லை. அதனால் பெட்டைக் குட்டிகள் உரப்பையில் கட்டப்பட்டுச் சந்தைக்குப் பின்னாலும் கோயில் வீதியிலும் விடப்படுகின்றன. விடுபவர்களும் நம்மவர்கள்தான். குட்டி பாவம், கொல்லக்கூடாது, ஆனால் நமது வளவில் வேண்டாம்.

மாட்டுவண்டிச் சவாரி பற்றி ஒரு வார்த்தை. சவாரி மாட்டுக்கு முட்டையும் உளுந்தும் ஊட்டி, பிள்ளைபோல் குளிப்பாட்டி வளர்ப்பவர்களை எனக்குத் தெரியும். அதே மாட்டின் பின்தொடையில் நுனியில் ஆணி செருகிய தடி இறங்குவதையும் திடலில் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே கை. சவாரியை ஒழிக்கவேண்டும் என்பவர்கள் இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் ஜல்லிக்கட்டைத் தடுத்ததையும், 2017இல் அந்தத் தடைக்கு எதிராகச் சென்னை மெரினா கடற்கரை நிரம்பியதையும், ஜல்லிக்கட்டை அனுமதித்த தமிழ்நாட்டின் திருத்தச் சட்டத்தை 2023இல் அதே நீதிமன்றம் ஏற்றதையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். திடலை மூடுவதைவிட ஆணியைத் தடியிலிருந்து பிடுங்குவது எளிது. தொடக்கக் கோட்டில் ஒரு கால்நடை வைத்தியரும், தடியைத் தடவிப் பார்க்க ஓர் ஆளும் போதும்.

புதிய சட்டமே வரவில்லையா என்று கேட்டால், வரைவு வந்து ஏறத்தாழ இருபது ஆண்டு. இலங்கைச் சட்ட ஆணைக்குழு 2006இல் விலங்கு நலச் சட்டமூலத்தை வரைந்தது. 2010இல் அத்துரலியே ரதன தேரர் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்தார். 2016 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அமைச்சுகள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள், மூலம் மூலமாகவே இருந்தது. அதில் பொன்போல எடுத்துக்கொள்ளவேண்டியவை இரண்டு. விலங்கு வைத்திருப்பவருக்கு அதைப் பேணும் கடமை உண்டு என்பது ஒன்று. பிரித்தானியா இதை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி, 2021இல் வதைக்கான உச்சச் சிறையை ஐந்து ஆண்டாக உயர்த்தியது. கண்காணிக்கத் தேசிய விலங்கு நலன் அதிகார சபை வேண்டும் என்பது மற்றது.

கொழும்பில் ஓர் அதிகார சபை உட்கார்ந்தால் வேலணையில் கட்டிய மாட்டின் கயிறு அவிழ்ந்துவிடாது. கால்நடை வளர்ப்பு மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயம். வடக்கு மாகாண சபை 2013இலிருந்து 2018வரை இருந்தது. அந்த ஐந்தாண்டில் நாம் நிறைவேற்றிய தீர்மானங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், அவற்றுள் விலங்குக்கு எத்தனை என்றும். இப்போது 2025 மே தேர்தலில் தெரிவான பிரதேச சபைகள் இருக்கின்றன. உபவிதி இயற்றும் அதிகாரம் அவற்றுக்கு உண்டு. இறைச்சிக் கடைகளைக் குத்தகைக்குக் கொடுத்து வருமானம் எடுப்பதும், வீதியில் திரியும் கட்டாக்காலிகளைப் பிடித்து உரியவரிடம் தண்டம் அறவிடுவதும் அவைதான். குத்தகை நிபந்தனையில் மாடு எப்படி வந்திறங்கவேண்டும் என்று நாலு வரி சேர்க்க எந்தப் பாராளுமன்றத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

அடுத்த வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வரும்போது உங்கள் வட்டார உறுப்பினரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். கட்டாக்காலி பிடிக்கும் கூலிக்கு அதில் ஒரு வரி இருக்கும். பிடித்த மாட்டின் வைக்கோலுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.